ஞானப்பூ அம்மாளின் ஊர் வழியாகக் காற்றாடிமலைக்கு

புனித தேவசகாயத்தை வணங்க வருவோர் பெரும்பாலும் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலைக்கு நேராகச் சென்று, கிறிஸ்தவ நம்பிக்கைக்காக அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பாறையில் மண்டியிட்டு வேண்டிவிட்டு, அங்கிருந்து கோட்டாறு பேராலயத்துக்கு வந்து கல்லறையைத் தொட்டு வணங்கித் திரும்பிவிடுவார்கள். எங்கள் குடும்பமும் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்துவந்தது. இந்த முறை என் மகனுக்கு அரசுப் பணியில் சேருவதற்கான ஆணை கிடைத்திருந்தது. பணியில் சேரும் முன் அவனை அழைத்துச் செல்ல வேண்டும் என்று என் அம்மா விரும்பினார். "மக்களே, அவர் செத்த இடத்தை இவன் பல தடவை பாத்திருக்கான். வாழ்ந்த இடத்தையும் ஒருக்கா பாக்கட்டும்" என்று அம்மா சொன்னதால், அவர் பிறந்த நட்டாலத்தில் தொடங்கி, அவர் மனைவி ஞானப்பூ அம்மாள் வாழ்ந்த வடக்கன்குளம் வரை போய், காற்றாடிமலை வழியாகக் கோட்டாற்றில் முடிப்பதாகத் திட்டமிட்டோம்.

நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23 அன்று பிறந்த தேவசகாயத்துக்கு வீட்டில் இட்ட பெயர் நீலகண்டன். தந்தை நம்பூதிரி, தாய் நாயர் குலத்தைச் சேர்ந்தவர். உயர்ந்த குடியில் பிறந்து, கல்வியும் படைப்பயிற்சியும் பெற்று, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பணியில் நல்ல பொறுப்பில் இருந்தவர். அவர் பிறந்த வீட்டின் முன் நின்றபோது எனக்குத் தோன்றியது, இவர் விட்டுக்கொடுத்தவற்றின் அளவை இங்கு வந்தால்தான் உணர முடிகிறது என்பதே. இழக்க ஒன்றுமில்லாதவராக இவர் கிறிஸ்துவிடம் வரவில்லை. அரண்மனையில் மதிப்பும், ஊரில் நிலபுலனும், உறவினரிடையே செல்வாக்கும் உள்ளவராகவே வந்தார்.

அங்கிருந்து தக்கலையை அடுத்த உதயகிரிக் கோட்டைக்குச் சென்றோம். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் டச்சுப் படை தோற்றபோது சிறைப்பட்ட டிலனாய், பின்னர் அதே மன்னரின் நம்பிக்கையைப் பெற்று அவருடைய படைக்குப் பயிற்சி அளித்துத் தளபதியாகவும் உயர்ந்தார். 1777-இல் இறந்த அவருடைய கல்லறை கோட்டைக்குள் இடிந்துகிடக்கும் சிற்றாலயத்தில் இருக்கிறது; கல்லில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. நீலகண்டனின் வீட்டில் கால்நடைகள் மடிந்து, பொருளிழப்பும் அடுத்தடுத்து வந்து அவர் மனமுடைந்திருந்த காலத்தில், டிலனாய்தான் அவருக்கு விவிலியத்தின் யோபுவைப் பற்றிச் சொன்னார். எல்லாம் இழந்த பின்னும் இறைவனைப் பழிக்காத ஒரு மனிதரின் வரலாறு அவரை அசைத்தது. தோற்றுச் சிறைப்பட்டு, அந்நிய மண்ணில் வாழ்வைப் புதிதாகத் தொடங்கிய ஒருவர் வாயிலிருந்து அந்த வரலாறு வந்ததும் இறைவனின் ஏற்பாடு என்றே நான் நம்புகிறேன்.

கோட்டைக்கு அருகிலேயே உள்ள புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. அடிபட்டு, தாகத்தால் வாடிய தேவசகாயம் வேண்டிக்கொண்டு முழங்கையால் இடித்தபோது இந்தப் பாறையிலிருந்து நீர் சுரந்தது என்பது மக்கள் வழிவழியாகப் போற்றும் நம்பிக்கை. அம்மா அந்த நீரை எடுத்துத் தலையிலும் நெற்றியிலும் பூசிக்கொண்டு, என் மகனின் நெற்றியிலும் சிலுவை வரைந்தார்.

நாகர்கோவிலை ஒட்டிய பெருவிளையில் அவரை ஒரு வேப்பமரத்தில் ஏழு மாதங்கள் கட்டி வைத்திருந்தார்கள். அங்கே என்னால் நெடுநேரம் வேண்ட முடியவில்லை, மனம் பதறியது. 1749-இல் கைதானபின் அவரை எருமையின் மீது பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றதும், நாள்தோறும் பிரம்படி கொடுத்து, காயங்களில் மிளகாய்ப் பொடி தடவி வெயிலில் நிறுத்தியதும் சிறு வயதிலிருந்து தவக்கால மாலைகளில் எங்கள் வீட்டில் சொல்லக் கேட்டவைதாம். ஆனால் இந்தத் தண்டனைகளில் உடல்வலிக்கு மேலாக இருந்தது ஊர்முன் செய்த அவமானம் என்பதை அங்கேதான் முழுமையாக உணர்ந்தேன். உயர்குடியில் பிறந்தவர் சாதி பாராமல் எல்லாரோடும் பழகி உணவருந்தியதையும், புதிய நம்பிக்கையை வெளிப்படையாகப் பேசியதையும் பொறுக்காதவர்கள், அவரை எல்லார் கண்முன்னும் சிறுமைப்படுத்த நினைத்தார்கள். அரச துரோகக் குற்றமும் அவர்மீது சுமத்தப்பட்டது. ஆனால் எந்தத் தெருக்களில் அவரை இழிவுபடுத்த இழுத்துச் சென்றார்களோ, அந்தத் தெருக்களிலேயே மக்கள் அவரை வணங்கத் தொடங்கிவிட்டார்கள். பெருவிளையில் கட்டுண்டிருந்தபோதே நோயாளிகளும் பிள்ளையில்லாதவர்களும் அவரிடம் செபிக்கச் சொல்லி வந்தார்கள் என்கிறது மரபு.

மறுநாள் காலை ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து வடக்கன்குளம் சென்றோம். இன்று அது திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. அக்காலத்தில் அது திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்தது. அரண்மனைப் பணியாளர் ஒருவர் தம் நாட்டுக்குள்ளேயே திருமுழுக்குப் பெறுவது ஆபத்து என்பதால், டிலனாய் அவரை அங்கே பணியாற்றிய இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் அனுப்பினார். 1745 மே 14 அன்று லாசர் என்னும் விவிலியப் பெயரை, ‘இறைவனின் உதவி’ என்னும் அதன் பொருளால் தமிழில் ஏற்று, நீலகண்டன் தேவசகாயம் ஆனார்.

இந்த ஊருக்கு வர வேண்டும் என்று அம்மா விரும்பியதற்குக் காரணம் தேவசகாயம் மட்டுமல்லர், அவர் மனைவி பார்கவி அம்மாள். முதலில் தயங்கிய அவர், பின்பு கணவரின் வழியை ஏற்றுத் திருமுழுக்குப் பெற்றுத் தெரேசா ஆனார். ஞானப்பூ அம்மாள் என்று சொன்னால்தான் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கணவர் கொல்லப்பட்ட பின் அவர் சொந்த ஊர் திரும்பாமல் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து இங்கேயே அடக்கமானார் என்பது இவ்வூர் மரபு. காற்றாடிமலைக்கு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். இந்தப் பெண்மணியை நினைத்து வருவோர் மிகச் சிலரே. இது எனக்கு வருத்தம் தருகிறது. கைது, அடி, நாடுகடத்தல், மரணம் என்று கணவருக்கு நேர்ந்த ஒவ்வொன்றையும் அவரும் வேறு விதத்தில் சுமந்தார். உறவினர் ஒதுக்கினர்; வீட்டில் வருமானம் நின்றது; அரசின் பகையாளி என்று பெயர்பெற்றவரின் மனைவியாக அவர் ஊர்நடுவே நடக்க வேண்டியிருந்தது. அவர் மட்டும் கணவரிடம், "நமக்காகவாவது இதை விட்டுவிடுங்கள்" என்று கேட்டு அழுதிருந்தால் அந்த மறைசாட்சியின் மனம் எவ்வளவு துன்பப்பட்டிருக்கும்!

வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில் அமர்ந்திருந்தபோது, அந்த ஊரின் மற்றொரு வரலாறும் நினைவுக்கு வந்தது. தேவசகாயம் எல்லாரோடும் சமமாக அமர்ந்து உண்ட அதே ஊரில், அவருக்குப் பின் நூறு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் கட்டிய ஆலயத்தில், சாதிகளைப் பிரிப்பதற்கென்றே நடுவே சுவர் எழுப்பியிருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது அகற்றப்பட்டது. இதை மறைத்துவிட்டுப் புனிதரைப் புகழ்வது சரியன்று என்பது என் கருத்து. மூதாதையரிடமிருந்து வேதத்தைப் பெற்றுக்கொண்டவர்களே அதன் உயிரான சமத்துவத்தை விட்டுவிட்டு, வழிபாட்டின் வடிவத்தை மட்டும் காத்துக்கொண்டிருந்தார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, சாதிப்பெயர் நீங்கித் தேவசகாயம் என்றே அவர் அழைக்கப்பட்டது எனக்கு அதனால்தான் அவ்வளவு நிறைவைத் தந்தது.

அந்த ஆலயத்தில்தான் அம்மா, என் மகனிடம் அவனுடைய பாட்டாவைப் பற்றிப் பேசினார். என் அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் பண்டகக் கணக்குப் பார்க்கும் எழுத்தராக இருந்தார். வந்து சேராத பொருளை வந்துசேர்ந்ததாகப் பதிவேட்டில் வரவு வைக்கும்படி மேலதிகாரி ஒருவர் சொன்னபோது மறுத்துவிட்டார். உடன் வேலை செய்தவர்கள் அவர்மேல் அன்புள்ளவர்கள். அன்று உடல்நிலை சரியில்லை என்று விடுப்பு எடுத்துக்கொள்ளும்படியும், வேறொருவர் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றும் சொன்னார்கள். அப்பா விடுப்பு எடுக்கவில்லை. அலுவலகத்துக்குப் போய், எல்லாரும் கேட்கும்படி, தாம் கையெழுத்திட மாட்டார் என்பதையும் அதற்கான காரணத்தையும் சொன்னார். அடுத்த மாதமே நெடுந்தூரத்துக்கு மாற்றினார்கள். பதவி உயர்வும் தள்ளிப்போனது. இந்தக் கதையை நாங்கள் எல்லாரும் அறிவோம். குடும்பத்தில் யாருக்காவது வேலை கிடைத்தால் சொல்லப்படும் கதை அது.

ஆனால் அன்று அம்மா சொன்னது நாங்கள் கேட்டிராத பகுதி. அலுவலகத்துக்குப் புறப்படும் முன் அப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "நான் சொல்லிப்போட்டா நீயும் பிள்ளைகளும் கஷ்டப்படணும். உனக்குச் சம்மதமா?" என்று கேட்டாராம். கைக்குழந்தையாக என் தம்பி மடியில் இருந்தான். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அழுதிருக்கிறார், கோபப்பட்டும் பேசியிருக்கிறார். கடைசியில், "கையெழுத்துப் போட்டுட்டு வந்தா உங்க முகத்தைப் பாத்துச் சோறு போட என்னால முடியாது" என்று சொல்லி அனுப்பிவைத்தாராம். பிறகு அப்பா வேறு ஊரில் தங்கி வேலைபார்த்த ஆண்டுகளில், தையல் வேலை செய்தும் சீட்டுப் பணம் கட்டியும் எங்களை வளர்த்தவர் அம்மாதான். இதைச் சொல்லி முடித்துவிட்டு அவர் என் மகனிடம், "உனக்கு வரப்போற பெண்ணுகிட்ட இதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலேயே பேசு" என்றார். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் குடும்பத்துக்கு வந்துசேர்ந்த உடைமை என்று நான் கருதுவது அந்தத் திண்ணையில் நடந்த உரையாடலைத்தான். நம்பிக்கையை மனத்துக்குள் வைத்துக்கொண்டு அமைதியாக வாழும் வழி தேவசகாயத்துக்கும் இருந்தது. நாலு பேர் முன்னிலையில் பேசாமல் இருந்திருந்தால் அவர் பதவியும் உயிரும் காப்பாற்றப்பட்டிருக்கும். மனிதர் முன்னிலையில் தம்மை ஏற்றுக்கொள்பவரைத் தந்தையின் முன்னிலையில் தாமும் ஏற்றுக்கொள்வதாக ஆண்டவர் சொன்ன வாக்கை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அந்த வாக்கின் விலையை அவரோடு சேர்ந்து கொடுக்க ஞானப்பூ அம்மாள் இசைந்தார். ஒருவர் வெளியே நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் வீட்டுக்குள் இன்னொருவர் அதற்கு முன்பே நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதை வடக்கன்குளத்துக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்ல விரும்புகிறேன்.

திரும்பும் வழியில் காற்றாடிமலை ஏறினோம். கணவாய்க் காற்று அன்று பலமாக வீசியது. கீழே முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. 1752 சனவரி 14 அன்று இரவு, மூன்று ஆண்டு வதைக்குப் பிறகு, இந்தப் பாறையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கல்லால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் மணியடிச்சான் பாறையைச் சிறுவர்கள் தட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இறந்த வேளையில் மலையிலிருந்து பெயர்ந்து விழுந்த பாறை அது என்பார்கள். வியாகுல அன்னை ஆலயத்தில் நாங்கள் செபமாலை சொன்னோம். ஐந்தாவது மறைபொருளை என் மகன் தானாக முன்வந்து தொடங்கினான்.

மாலையில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயம் வந்தோம். காட்டில் எறியப்பட்ட அவர் உடலின் எஞ்சிய பகுதிகளை ஐந்து நாள்களுக்குப் பின் மக்கள் எடுத்துவந்து இங்கேதான் அடக்கம் செய்தார்கள். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு அவர் உயர்த்தப்பட்டபோது, அந்தப் பெருங்கூட்டத்தில் அப்பாவும் எங்களோடு இருந்தார்; புனிதர் பட்டம் கொடுத்ததைப் பார்க்க அவர் இல்லை.

யாருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்னும் திருப்பலிக் கருத்தை எழுதிக் கொடுக்கும் இடத்தில் அம்மா இரண்டு பெயர்களை எழுதச் சொன்னார். முதலாவது அப்பாவின் பெயர். இரண்டாவது பெயரை என் மகன் எழுதிவிட்டு, அது யார் என்று கேட்டான். அப்பாவை வேறு ஊருக்கு மாற்றிய அந்த மேலதிகாரியின் பெயர் அது, அவரும் இறந்துவிட்டார். அப்பா உயிரோடிருந்தவரை ஆண்டுதோறும் அவருக்காகக் கருத்துக் கொடுத்து வந்ததாகவும், இனி அதை அவன்தான் செய்ய வேண்டும் என்றும் அம்மா சொன்னார். அவன் காணிக்கையைச் செலுத்திவிட்டு, ரசீதில் இருந்த அந்தப் பெயரைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டான்.