சிவப்புப் பட்டை

என் வேலையை அம்மா உறவினர்களிடம், "கோர்ட்டுப் பேப்பரை கம்ப்யூட்டர்ல ஏத்துறா" என்றுதான் சொல்வார். தப்பில்லை. சென்னையில் ஒரு சட்டப் பதிப்பகத்தின் இணையதளத்துக்காகத் தீர்ப்புகளைச் சரிபார்த்து, ஒவ்வொன்றின் சாரத்தையும் மேலே தலைக்குறிப்பாக எழுதி, தேடினால் அகப்படும்படி செய்கிறேன்.

வக்கீல் ஜூனியராக இருந்தபோது சீனியர் ஒரு மேற்கோள் கேட்டால் ஏ.ஐ.ஆர். என்னும் தீர்ப்புத் தொகுதிகளோடு ஒரு மாலையே போய்விடும். தீர்ப்புகளைத் தேட உதவும் இந்தியன் கானூன் இணையதளம் 2008இல் வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே இ-எஸ்.சி.ஆர். என்ற இணையத் தொகுப்பைத் தொடங்கி சுமார் 34,000 தீர்ப்புகளை இலவசமாகத் திறந்துவிட்டது. இனி என்ன குறை என்றுதான் வெளியிலிருப்பவர்களுக்குத் தோன்றும்.

பழைய தொகுதிகளை ஸ்கேன் செய்து எழுத்தாக்கும்போது ஆங்கில 'நாட்' (not) சில இடங்களில் 'நவ்' (now) ஆகிவிடும். ஒரே ஓர் எழுத்துதான். உரிமை இல்லை என்று கோர்ட் சொன்னவருக்கு இப்போது உரிமை உண்டு என்றாகிவிடும். கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவைத் தேடிப் பழகியவர்கள் 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஐத் தேட வேண்டும்; இரண்டையும் முடிச்சுப் போட்டு வைப்பது எங்கள் பாடு. இதெல்லாம் பழகிவிட்டது. பழகாத ஒன்று சித்தியின் போனில் வந்தது.

"அப்பா சொத்துல எனக்குப் பங்கு இல்லியாம்டி. சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சாம். அண்ணன் வாட்ஸ்அப்புல அனுப்பியிருக்கான், பாரு."

சித்தப்பாவைக் கைப்பிடித்து வந்தவர் அவர். கல்யாணம் 1986இல். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் பங்கு தர இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வந்த 1989இன் தமிழ்நாட்டுத் திருத்தம் அப்போது கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டும்தான், அதனால் அது அவருக்கு உதவவில்லை. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005 செப்டம்பர் 9இல் அமலானது. அவர் அப்பாவோ 2001இலேயே இறந்துவிட்டார். அண்ணன் அனுப்பியது பிரகாஷ் எதிர் பூலவதி, 2015. திருத்தம் அமலான அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற தீர்ப்பு.

ஆனால் 2020 ஆகஸ்ட் 11இல், வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தள்ளிவிட்டதே! பங்குரிமை பிறப்பால் வருவது, தந்தை அன்று இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்றது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பாகப்பிரிவினை நடந்திருந்தால்தான் சிக்கல். சித்தி வீட்டில் நடக்கவில்லை.

"அப்ப இது பொய்யா?"

"பொய் இல்ல சித்தி, பழசு."

சொல்லிவிட்டுத்தான் பிடிஎஃப்பின் மூலையைக் கவனித்தேன். எங்கள் நிறுவனத்தின் முத்திரை. எங்கள் பக்கத்திலிருந்து இறக்கியதுதான், அதுவும் 2022இல். வினீதா சர்மா தீர்ப்பையும் நாங்கள் ஏற்றியிருந்தோம். தலைக்குறிப்பு எழுதியதே நான்தான். பழையதன் தலையில் 'இது செல்லாது' என்று ஒரு வரி போட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. தேடுபவருக்கு முதலில் அகப்படுவது எது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அடுத்த இரண்டு மாதங்கள், தள்ளப்பட்ட தீர்ப்புகளைத் தோண்டியெடுத்து ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பட்டை போட்டோம், புதிய தீர்ப்புக்கான இணைப்போடு. "மகளுக்கு அப்பா சொத்தில் பங்கு" என்று தமிழில் தட்டினாலும் வினீதா சர்மா முதலில் வரும்படி சொற்களைச் சேர்த்தேன். பிறப்பால் பங்குரிமை உள்ளவரைச் சட்டம் சொல்லும் 'கோபார்சினர்' என்ற சொல்லால் தேட சித்திக்கு எங்கே தெரியும்?

போன வாரம் குடும்பக் குழுவில் யாரோ அதே பூலவதியை மறுபடி அனுப்பியிருந்தார்கள். பழைய பிடிஎஃப். பட்டை இல்லை.