டப்பா பவுடரும் பசார் தெம்பேயும்

ஜிம்முக்குப் புதிதாக வரும் பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எந்தப் புரதப் பவுடர் எடுக்கலாம்?" மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் ஜிம் ஒரு கடைவீட்டு மாடி. வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். பவுடர் டப்பா விற்கிற விலைக்கு வீட்டில் அரிசி பருப்பு வாங்கிவிடலாம். "காலையில என்ன சாப்பிட்டே?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி), தே தாரேக் (கெட்டிப்பால் போட்டு ஆற்றிய டீ) என்றுதான் பதில் வரும்.

கணக்கு எளிது. தசை வளர, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும். 70 கிலோ ஆளுக்கு நாளைக்கு 112 கிராம். நான்கு முட்டையில் 24 வந்துவிடும். வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராமில் 45. நூறு கிராம் தெம்பேயில், அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டியில், 19. மிச்சத்தைப் பாலும் பருப்பும் சோறும் சேர்ந்து கொடுத்துவிடும். ஆனால் சாம்பாரை நம்பாதீர்கள். எங்கள் அம்மா வைக்கிற சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கெட்டியான பருப்புக் கூட்டாக இருந்தால் சரி.

தெம்பேயை நம் ஆட்கள் மலாய்க்காரர் சாப்பாடு என்று ஒதுக்குவது எனக்குப் புரியவே இல்லை. வெள்ளைப் பூஞ்சணம் பஞ்சுபோல் படர்ந்து, அழுத்தினால் கெட்டியாக இருப்பதைப் பசாரில் (சந்தையில்) பார்த்து வாங்க வேண்டும். விரல் கனத்துக்குச் சீவி, கத்தியால் லேசாகக் கீறி, மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் புளித்தண்ணீர் தடவி வைத்துவிடுவேன். அரை மணி நேரம் கழித்துத் தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு இரு பக்கமும் சிவக்க வாட்டினால் போதும். சட்டி நிறைய எண்ணெயில் பொரித்தால் அது பலகாரம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி.

கொழுப்பு ஏறாமல் தசை போட வேண்டுமென்றால், செலவாகும் கலோரிக்கு மேல் 200, 300 மட்டும் கூடுதலாகச் சாப்பிட்டால் போதும். நம் ஊரில் அந்த அளவைத் தாண்ட வைப்பது சோறு இல்லை, தேத்தண்ணிதான். அதில் ஊற்றுகிற சீனி சேர்த்த கெட்டிப்பால் இரண்டு மேசைக்கரண்டியில் 120 கலோரிக்கு மேல் போய்விடும். ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன் நான். ராத்திரி ஷிப்டில் மூன்று கிளாஸ் இறங்குவது சாதாரணம். இப்போது தே ஓ கோசோங்தான், பாலும் சீனியும் இல்லாத வெறும் டீ. முதலில் கஷாயம் மாதிரி இருக்கும், அப்புறம் பழகிவிடும். சோற்றை அடியோடு நிறுத்துகிற பையன்கள் பளு தூக்கும்போது பாதியிலேயே சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சோறு இருக்கட்டும் தம்பி, சீனியைக் குறை.

புரட்டாசியில் எங்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. அந்த மாதம் தெம்பே இரட்டிப்பாகும், கூடவே தௌஹு (சோயாப் பன்னீர்), தயிர், வேகவைத்த கடலை. வயிறு கொஞ்சம் உப்பும். ஜிம்மில் ஜன்னல் ஓரம் நின்று கொள்வேன்.