கேபிளின் மறுமுனை: ஓர் ஆய்வுகூட நாட்குறிப்பு

ஜூலை 14, கல்முனை

மின்காந்தவியல் என்றதும் மாணவர்களின் முகம் சுருங்குகிறது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஓயாமல் அசைகிற ஒன்றைப் பற்றிய பாடத்தை அசையாத பலகையில் நடத்துகிறோம். இம்முறை கணினி உருவகப்படுத்தலில் தொடங்கப்போகிறேன். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோவில் தொடங்கிய 'பெட்' (PhET) உருவகப்படுத்தல் திட்டத்தில் கயிற்றலைக்கென்று ஒன்று இருக்கிறது. கயிற்றின் முனையைக் கட்டிவைக்கலாம், தளரவிடலாம், முடிவே இல்லாததாகவும் ஆக்கலாம். கேபிளின் முனையில் குறுஞ்சுற்று, திறந்த சுற்று, பொருத்தமான சுமை (அலையைத் திருப்பி அனுப்பாமல் உள்வாங்கும் தடை) என்று நாம் சொல்வதும் இவற்றைத்தான். இலவசம், தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் வேண்டாம்.

ஜூலை 16

திரை கிடைத்ததும் ஒரே கும்மாளம். இழுக்கக்கூடியதையெல்லாம் இழுத்துப் பார்த்தார்கள். எதுவும் மண்டையில் ஏறியதாகத் தெரியவில்லை. கணினியைத் தொட்டாலே படிப்பு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் வந்து பார்க்க வேண்டிய காட்சி.

பிறகு ஒரு விதி போட்டேன்: மவுஸைத் தொடுவதற்கு முன் விடையைத் தாளில் வரைய வேண்டும். தளரவிட்ட முனைக்குப் போன துடிப்பு (ஒற்றை அலை) அங்கேயே தொலைந்துவிடும் என்றுதான் பலரும் வரைந்தார்கள். கச்சான் காற்று பாதித் தாள்களை வெளியே கொண்டுபோனது வேறு கதை. துடிப்பு நிமிர்ந்தபடியே திரும்பி வந்ததும் வகுப்பு அடங்கிப்போனது. கட்டிவைத்த முனையிலிருந்து தலைகீழாக வந்தபோது, "அது ஏன் சேர்?" என்று பின்வரிசையே கேட்டது.

ஜூலை 17

சம்மாந்துறை மாணவி ஒருத்தி கேட்டாள்: "மறுமுனையில் என்ன சுமை இருக்கிறது என்று மின்வழங்கிக்கு முதலிலேயே எப்படித் தெரியும் சேர்?"

தெரியாது. இந்தப் பாடத்தின் உயிரே அங்குதான் இருக்கிறது. 10 வோல்ட் மின்வழங்கி, அதன் உள்தடை 50 ஓம், கேபிளின் இயல்புத் தடங்கலும் (உள்ளே நுழையும் அலை உணரும் தடை) 50 ஓம், முனையில் 75 ஓம் சுமை என்று வைத்துக்கொண்டோம். ஓமின் விதிப்படி சுமையில் 6 வோல்ட் இருக்க வேண்டும். ஆனால் ஆளியைப் போட்டதும் கேபிளுக்குள் நுழைவது 5 வோல்ட்; சுமை எதுவாக இருந்தாலும் அதுதான். முனையை அடைந்ததும் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 1 வோல்ட், தெறிக்கிறது. ஐந்தும் ஒன்றும் ஆறு. அவர்கள் இரண்டு வருடமாகப் போட்ட சுற்றுக் கணக்குகளெல்லாம் இந்த எதிரொலிகள் ஓய்ந்த பிறகு நிலவுவதைத்தான் சொல்லிவந்தன. அந்த மாணவி கணக்கைத் தானே இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஜூலை 22

இடத்தைக் கட்டங்களாகவும் நேரத்தைப் படிகளாகவும் பிரித்து மின்காந்த அலையைக் கணக்கிட கேன் யீ 1966இல் வெளியிட்ட முறையில் சிறு பைதான் நிரல். நேரப்படியை வேண்டுமென்றே பெரிதாக்கக் கொடுத்தேன். அலை சற்று நேரம் ஒழுங்காக ஓடியது; பிறகு எண்கள் வெடித்துத் திரையை நிறைத்தன. மடிக்கணினி பழுதாகிவிட்டது என்று ஒருவன் பதறினான். ஒரு படியில் அலை ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டக்கூடாது என்ற கூரான் நிபந்தனையை இனி அவன் மறக்கமாட்டான்.

ஜூலை 25

இன்று நிஜக் கேபிள், 20 மீற்றர். அதில் துடிப்பின் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு. போய்வர 200 நானோ செக்கன் ஆகும் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்கள். மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதை வரைந்துகாட்டும் ஒசிலோஸ்கோப்பில், எதிரொலி வந்து மின்னழுத்தம் சட்டென்று மாறும் படி அங்கேதான் விழுந்தது. ஆனால் கணினியில் கூர்மையாக இருந்த அதன் மூலை இங்கே மழுங்கியிருந்தது. கேபிளின் இழப்பையும் நிரலில் சேர்க்கிறோம் என்று ஒரு குழு அப்போதே உட்கார்ந்துவிட்டது. கேபிளைச் சுருட்டி வைக்க மட்டும் எவருக்கும் நேரமில்லை.