கலப்படம் என்று நான் ஒதுக்கிய நீல விதை

ஐந்து வெள்ளரிக் கொடி, இருபத்து மூன்று பிஞ்சு, ஒரு காய்கூட இல்லை. மார்ச் 12 வரை என் மாடியின் நிலவரம் இதுதான். ஏப்ரல் பாதியில் இதை எழுதும்போது பன்னிரண்டு காய் பறித்தாயிற்று. நடுவில் நடந்த கூத்தை எழுதி வைக்காவிட்டால் ஆடிப் பட்டத்துக்குள் நானே மறந்துவிடுவேன்.

ஜனவரி 26, லீவு நாள். ஹைப்ரிட் வெள்ளரி, பத்து விதை பாக்கெட். பிரித்துக் கையில் கொட்டினால் ஒன்பது விதை மருந்து பூசிய ரோஸ் நிறம், ஒன்று மட்டும் நீலம். வேறு ஏதோ விதை தவறிக் கலந்துவிட்டது என்று நினைத்தேன். மதுரையில் வீட்டுக்கு வீடு மாடித்தோட்டம் வந்த பிறகு விதை பாக்கெட்டில் என்னென்னமோ கலந்து வருகிறது. போன வருடம் பீர்க்கை என்று வாங்கியது சுரையாக வந்த கதை என்னிடம் உண்டு. அந்த நீலத்தைத் தனியே எடுத்து பாக்கெட்டிலேயே போட்டு மடித்து, டிராயருக்குள் தள்ளிவிட்டேன். குப்பையில் போடாதது என் கஞ்சத்தனம். அதுதான் பிறகு காப்பாற்றியது.

மண் கலவை வழக்கமானதுதான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், பற்றி மட்டும் ஒரு வார்த்தை. விலை குறைவு என்று தெருமுனைக் கடையில் வாங்கிய கட்டியை மூன்று தடவை அலசியும், காய்ந்ததும் மேலே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும், கழுவிய கட்டிக்கே இனி காசு. ஐந்து கிலோக் கட்டியில் மிச்சம் பிடிக்கும் நாற்பது ரூபாய்க்காக நாற்றின் வேரைக் கருக்குவானேன்?

ஒன்பதில் எட்டு முளைத்தன. ஐந்தை 15-க்கு 15 அங்குலப் பைகளில் நிறுத்திவிட்டு மூன்றைத் தானம் கொடுத்தேன். ஹைப்ரிட்டுக்கே உரிய வேகம். கண்ணெதிரே வளர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மார்ச் முதல் தேதி, முப்பத்து நாலாம் நாள், கணுவுக்குக் கணு பூ. அதுவும் எல்லாப் பூவுக்குப் பின்னாலும் சுண்டுவிரல் நகம் அளவு முள்ளுப் பிஞ்சு. நாட்டு ரகம் வளர்த்தவர்களுக்குத் தெரியும், முதல் பத்து நாள் வெறும் ஆண்பூவாகத் தள்ளிப் பொறுமையைச் சோதிக்கும். இது எடுத்த எடுப்பிலேயே பிஞ்சோடு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ‘ஆளுக்கு ரெண்டு கிலோ’ என்று வாக்குறுதி வேறு.

மூன்றாம் நாள் பிஞ்சு மஞ்சளடித்தது. ஐந்தாம் நாள் சுருங்கியது. அப்புறம் தொட்டால் கையோடு வந்தது. தண்ணீர் அதிகமோ என்று குறைத்தேன், வெயிலோ என்று பச்சை வலை கட்டினேன். “வேப்பம் புண்ணாக்கு வைடா” என்றார் அம்மா, வைத்தேன். மீன் அமிலம் அடித்தேன், மாடியே நாறியதுதான் மிச்சம். மார்ச் 12 அன்று காலை காபி டம்ளரோடு கொடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பூவை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: ஐந்து கொடியிலும் ஓர் ஆண்பூகூட இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். பின்னால் பிஞ்சில்லாமல் காம்பு மட்டும் இருக்கும் பூ ஒன்றே ஒன்று? கிடையாது.

அன்று ராத்திரி மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் நிலக்கோட்டைப் பக்கம் சில வருடம் கம்பெனிக்காகக் கெர்கின் போட்டவர், அந்த ஊறுகாய்க்குப் போகிற குட்டி வெள்ளரி. முழுசாகக் கேட்காமலே, “மாப்ள, கலர் விதை ஒண்ணு கூட வந்திருக்குமே, அதை என்ன செஞ்ச?” என்றார்.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“கலப்படம்னு எடுத்து வச்சுட்டேன் மாமா.”

சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. “அதுதான்டா ஆம்பள விதை. நீ கல்யாணம் வச்சுட்டு மாப்பிள்ளையை டிராயர்ல பூட்டி வச்சிருக்க.”

விஷயம் இதுதான். பெண்பூ மட்டுமே விடும் கொடியைத் தாயாக வைத்தால் ஹைப்ரிட் விதை எடுப்பவர்களுக்கு, அதன் மகரந்தமே அதற்குச் சேராமலிருக்க ஆண்பூ கிள்ளுகிற கூலி மிச்சம். பக்கத்தில் வேறு ரகத்தை நட்டுத் தேனீயை விட்டால் போதும். இது புதுச் சரக்கும் அல்ல. டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின், இமாசலத்திலுள்ள கட்ராயின் நிலையத்தில் வந்த ‘பூசா சன்யோக்’ ஹைப்ரிட்டே, பெண்பூ மட்டும் விடும் ஒரு ஜப்பானிய ரகத்தையும் ‘கிரீன் லாங் ஆஃப் நேப்பிள்ஸ்’ ரகத்தையும் கலந்து எடுத்ததுதான். தாயின் குணம் ஹைப்ரிட்டுக்கும் வந்துவிடுகிறது: பூவெல்லாம் பெண். மகசூலுக்கு அது நல்லது, ஆனால் மகரந்தத்துக்கு எங்கே போவது? அதற்காகத்தான் ஆண்பூ விடும் ரகத்தின் விதையை நூற்றுக்குப் பத்துப் பதினைந்து என்று கலந்து விற்கிறார்கள், அடையாளத்துக்கு வேறு சாயம் பூசி. ஏக்கர் கணக்கில் போடுபவருக்கு இது பிரச்சினையே இல்லை. பத்து விதை வாங்கி, அதில் அழகாக இருப்பதைப் பொறுக்கும் என்னைப் போன்ற ஆளுக்குத்தான் வினை. பாக்கெட்டின் பின்னால் ‘நல்ல வடிகால் வசதி தேவை’ என்று அச்சடிக்கத் தெரிந்த புண்ணியவான்கள் ‘நீல விதையைத் தூக்கிப் போடாதீர்’ என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

மார்ச் 13 சாயங்காலம் நீல விதை மண்ணுக்குள் போயிற்று. அது பூக்க ஒரு மாதம் ஆகும். அதுவரை ஐந்து கொடியையும் சும்மா விட மனசில்லை. ஆண்பூவைக் கடன் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

முதல் கடன் படுதோல்வி. எதிர்வீட்டில் வெள்ளரிப்பழக் கொடி, நிறைய ஆண்பூ. வெள்ளரிதானே என்று பறித்து வந்து ஆறு பூவுக்குத் தொட்டேன். ஆறும் உதிர்ந்தன. அப்புறம்தான் உறைத்தது, வெடித்து மாவாகும் வெள்ளரிப்பழம் முலாம்பழத்தின் இனம். வெள்ளரிக்கு 14 குரோமோசோம், அதற்கு 24. பெயர்தான் ஒன்று, உறவு ஒட்டாது. சந்தேகம் வந்தால் பூவுக்குப் பின்னாலிருக்கும் பிஞ்சைத் தடவிப் பாருங்கள்: வெள்ளரியில் முள் குத்தும், முலாம்பழ வகையில் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்றிருக்கும்.

இரண்டு தெரு தள்ளி ஓர் அக்கா மாடியில் அசல் நாட்டு வெள்ளரி வைத்திருந்தார். மார்ச் 19-லிருந்து அவர் வீட்டுக்கு நடை. இரண்டாம் நாளே, “என்ன தம்பி, பூத்திருட வந்தாச்சா? காப்பி குடிச்சிட்டுத் திருடு” என்றார்.

இனி கைமகரந்தம், அதாவது ஆண்பூவின் மகரந்தத்தை நாமே பெண்பூவில் சேர்ப்பது. இதில்தான் நான் அதிகம் பாடுபட்டேன், ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன்.

பலரும் சொல்லும் பிரஷ் முறை எனக்குச் சரிப்படவில்லை. பிள்ளையின் வாட்டர் கலர் பிரஷ், இரண்டாம் நம்பர். வெள்ளரி மகரந்தம் பொடியாக உதிர்வதில்லை, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரஷ் மயிர் அதைத் தின்றுவிடுகிறதே தவிர, பெண்பூவின் நடுவில் மகரந்தம் வாங்கும் சூல்முடிக்குத் தருவதில்லை. நாலு பூவுக்குத் தொட்டு ஒன்றுதான் நின்றது.

அடுத்து, காலையில் விரிந்த ஆண்பூவைப் பறித்து டப்பாவில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுவருவது. சிக்னலில் நின்று வீடு வருவதற்குள் இதழ் துவண்டு, டப்பாவுக்குள் வேர்த்து, மகரந்தம் ஈரப்பசையாகிவிடும். ஐந்துக்கு இரண்டு.

மூன்றாவதுதான் பலித்தது. மறுநாள் விரியப்போகும் மொட்டை முந்தின நாள் சாயங்காலமே காம்போடு பறிப்பது. பார்த்தால் தெரியும்: நுனி மஞ்சள் ஏறி, இறுக்கம் தளர்ந்து, ஆனால் இன்னும் மூடியிருக்கும். முழுப் பச்சை மொட்டு வேண்டாம், அது விரியாது. காப்பி டம்ளரில் ஒரு விரல் தண்ணீர், மேலே வெள்ளித்தாள் மூடி அதில் துளை போட்டு, காம்பு மட்டும் தண்ணீரில் படும்படி நிறுத்தி வைத்தேன். பூ நனையக்கூடாது. காலை ஆறரைக்குப் பார்த்தால் டம்ளரிலேயே விரிந்து நிற்கும். இதழைச் சுற்றிலும் கிழித்துவிட்டால் நடுவில் மஞ்சள் குமிழ் மட்டும் மிஞ்சும். அதையே பிரஷ்ஷாகப் பிடித்துப் பெண்பூவுக்குள் மெதுவாக உருட்ட வேண்டும். பெண்பூவின் சூல்முடி மூன்று மடல். மூன்றிலும் மஞ்சள் தூள் ஒட்டியதைக் கண்ணால் பார்க்கிற வரை விடக்கூடாது. அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் தடவிய பூ, அரிவாள் மாதிரி வளைந்த காயாக வந்தது. அதைத்தான் அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தார், முதல் காய் என்று.

ஒரு பெண்பூவுக்கு ஓர் ஆண்பூ என்று தாராளமாகவே செலவழித்தேன். எட்டரைக்கு மேல் தொட்டவை பெரும்பாலும் வீண். பெண்பூவின் வாழ்வே அந்த ஒரு நாள்தான், அதிலும் மதுரை வெயிலில் காலை நேரம் மட்டும். தொட்ட பூவுக்கு ஒரு நூல் கட்டித் தேதி எழுதினேன். பன்னிரண்டு பூ தொட்டு ஒன்பது நின்றது. தொட்ட மூன்றாம் நாள், குனிந்திருந்த பிஞ்சு கனம் ஏறிக் கீழ்நோக்கி நீளும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, சரி, அதை விடுங்கள்.

முதல் அறுவடை மார்ச் 30, தொட்ட பதினோராம் நாள். கசப்பு இல்லை. நுனியை வெட்டித் தேய்த்து நுரை எடுக்கும் சடங்கை அம்மா விடவில்லை. ஏப்ரலில் ஒரு சனி ஞாயிறு ஊருக்குப் போய்ப் பை காய்ந்த பிறகு பறித்த இரண்டு காயில் மட்டும் காம்புப் பக்கம் லேசாகக் கசந்தது. தண்ணீர்த் தட்டுப்பாடும் சூடும் சேர்ந்தால் வெள்ளரி இப்படித்தான் பழி வாங்கும்.

அக்காவின் நாட்டுப் பூவைத் தொட்டால் காய் நாட்டு ரகம் மாதிரி வருமா என்று வீட்டில் கேட்டார்கள். வராது. காயின் உருவமும் ருசியும் தாய்க்கொடியுடையது. உள்ளே இருக்கும் விதையில்தான் கலப்பு. அதை எடுத்து விதைத்தால் ஆளுக்கொரு முகமாக வரும், ஆகவே நான் விதை எடுக்கவில்லை. (ஒரு காயை மட்டும் பழுக்க விட்டிருக்கிறேன். வேடிக்கை பார்க்க. வேறொன்றுமில்லை.)

அப்புறம், தைரியத்தில் அதே பாக்கெட் இன்னொன்று வாங்கினேன். பிரித்ததும் முதலில் தேடியது நீலத்தைத்தான். பத்தும் ரோஸ்! கலந்து வைத்த குவியலிலிருந்து எண்ணிப் போடுகிறார்கள் போலிருக்கிறது, அதிர்ஷ்டம் இருந்தால் மாப்பிள்ளை. கடைக்காரரிடம் போய், “நீல விதை இல்லையே” என்றேன். “எல்லாம் நல்ல விதைதான் சார், கலப்படமே இருக்காது” என்றார். அதற்கு மேல் என்ன பேச?

ஆகவே இப்போது அந்த ஒற்றை நீலக்கொடிக்கு வீட்டில் ராஜ மரியாதை. சித்திரை ஒன்றாம் தேதி காலை அதில் முதல் ஆண்பூ விரிந்தது. இன்று ஒரே கணுவில் நாலு மொட்டுக் கொத்து. அதன் பக்கக் கிளை இரண்டைக் கிள்ளித் தண்ணீரில் போட்டிருக்கிறேன், வெள்ளரித் தண்டு சுலபமாக வேர் விடும். சிக்கல் மறுபக்கம். பழைய ஐந்து கொடிக்கும் எண்பது நாள் தாண்டிவிட்டது. அடியிலைகளில் பாம்பு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடு, அதற்கு மேல் சாம்பல் நோய். பாதி இலையைக் கழித்து, புளித்த மோர் தெளித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை வந்து சேரும் நேரத்தில் மணப்பெண்களுக்கெல்லாம் மூட்டுவலி.

ஆடிக்கு வேறு யோசனை. பாலிஹவுஸ் என்கிற பாலித்தீன் குடிலில் போடுகிறார்களே, மகரந்தமே இல்லாமல் காய்க்கும் விதையில்லா ரகம், அது. விதை ஒன்றே ஐந்து ரூபாய்க்கு மேல் போகிறது என்றாலும் விடிகாலை டம்ளர் வேலை மிச்சம். ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம்: தேனீ நாட்டு வெள்ளரிப் பூவிலிருந்து மகரந்தத்தைக் கொண்டுவந்து தொட்டுவிட்டால், உள்ளே விதை பிடித்து நுனி பருத்துக் கோணிப்போகும். எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இந்த மாதம்தான் கொசுத்தேனீ கூடு வைத்திருக்கிறது. ஒரு வருடமாக வராத தேனீ. அந்த மூலையைப் பூச்சிவலையால் அடைப்பதா, நாட்டு ரகத்தை அக்கா வீட்டோடு நிறுத்திக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வலை மீட்டர் என்ன விலை என்று மட்டும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

நீலக்கொடியின் அந்த நாலு மொட்டில் இரண்டு நாளைக் காலை விரியும். பெண்பூ தயாராக இருப்பது மூன்றாவது பையில், ஒன்றே ஒன்று.