பலன்சர் மாற்றினேன், மூன்று வாரம் டைமிங்கோடு மல்லுக்கட்டினேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் கார் இஞ்சினில் கிராங் புல்லியைக் கழற்றிப் பூட்டுவதால் இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், மாறாது. இந்த ஒன்றில் நான் பிடிவாதமாக நின்றிருந்தால் வவுனியாவுக்கு வீணாக ஓடியிருக்க மாட்டேன். முறிகண்டியில் பொனற்றைத் திறந்துவைத்து, கச்சான் கொறித்தபடி இஞ்சின் ஆறும்வரை நின்றிருக்கவும் மாட்டேன்.

கார் கொரோலா 100, 5ஏ-எஃப்ஈ இஞ்சின். வீடு விசுவமடுவில். பரந்தன் வீதிப் புழுதியும் வெயிலும் ரப்பர் சாமான் எதையும் விட்டுவைப்பதில்லை. ஹார்மோனிக் பலன்சர் என்று புத்தகத்தில் இருப்பதை இங்கே எல்லோரும் கிராங் புல்லி என்றுதான் சொல்வார்கள். உள்ளே ஓர் இரும்புக் குடம், வெளியே பெல்ற் ஓடும் வளையம், நடுவில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங் தண்டின் அதிர்வை வாங்கிக்கொள்ள ஒரு ரப்பர். என்னுடையதில் ரப்பர் வெடித்து வளையம் ஆடியது, காலையில் ஸ்ராட் பண்ணினால் பெல்ற் கீச்சிட்டது. வவுனியாவில் பழைய பாகங்கள் விற்கும் ஒரு கடையில் ஜப்பானிலிருந்து வந்த புல்லி ஒன்றை வாங்கினேன். வலதுபக்க முன்சில்லைக் கழற்றி, பெல்ற்களை எடுத்து, நானே மாற்றினேன். புல்லியின் ஆணியை (போல்ற்றை) 118 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினேன். அரைநாள் வேலை, ஒரு கரைச்சலும் இல்லை.

கரைச்சல் அடுத்த நாள் வந்தது. எதற்கும் டைமிங்கைப் பார்த்துவிடுவோம் என்று கிளிநொச்சியில் ஒரு கராஜுக்குப் போனேன். இளம் பொடியன், கெட்டிக்காரன்தான், ஆனால் அவசரக்காரன். பொறி விழும்போதெல்லாம் மின்னி, அந்தக் கணத்தில் புல்லியின் குறி எங்கே நிற்கிறது என்று காட்டும் டைமிங் லைற்றைப் பிடித்தான். புல்லியின் வெட்டுக்குறி கவரில் இருக்கும் அளவுகோலுக்கு வெளியே எங்கேயோ நின்றது.

“தம்பி, டீஈ1, ஈ1 இரண்டையும் வயரால் இணைக்கவில்லையே” என்றேன். இந்த இஞ்சினில் டயக்னோஸ்ரிக் பெட்டிக்குள் அந்த இரண்டு துளைகளையும் இணைத்தால்தான் கம்பியூட்டர் தன் பாட்டுக்குக் கூட்டிக் குறைக்காமல் அடிப்படை டைமிங்கில் நிற்கும். அது பிஸ்டன் உச்சிக்கு வர 10 டிகிரி முன்பு. இணைக்காமல் பார்த்தால் குறி ஆடிக்கொண்டே இருக்கும், அதை வைத்து எதையும் முடிவுசெய்யக்கூடாது. சரி, இணைத்துப் பார்த்தான். ஆட்டம் நின்றது. குறி அளவுகோலுக்கு வெளியேதான் நின்றது.

“அண்ணை, டிஸ்ரிபியூட்டர் நகர்ந்திருக்கு.”

“நான் அந்த ஆணியைத் தொடவே இல்லையே.”

“லைற் பொய் சொல்லாது அண்ணை.”

நான் வாயை மூடிக்கொண்டது இங்கேதான். டிஸ்ரிபியூட்டர்தான் பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுவது, அதைத் திருப்பினால் பொறி முந்தும் அல்லது பிந்தும். அதைத் தளர்த்தித் திருப்பினான், திருப்பினான், ஆணி ஓடும் பிளவு முடியும்வரை திருப்பினான். குறி 10க்கு வந்தது. பிளவின் கடைசிக்குப் போய்த்தான் டைமிங் சரிவருகிறதென்றால் வேறெங்கோ பிழை இருக்கிறது. அந்த நேரம் எனக்கு அது உறைக்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து காருக்கு உயிரே இல்லை. மிதித்தால் இரைச்சல் வந்தது, வேகம் வரவில்லை. பெற்றோல் முள் கண்ணெதிரே இறங்கியது. புல்லிதான் பிழையோ என்று வவுனியாக் கடைக்குக் கொண்டுபோனேன். போக மட்டும் ஏ9இல் கிட்டத்தட்ட 80 கிலோமீற்றர். முதலாளி காரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “பூட்டின சாமான் திருப்பி எடுக்கிறேல்லை. பெல்ற் ஓடுதுதானே?” ஓடுகிறதுதான். திரும்பி வரும்போது மாங்குளம் தாண்டியதும் சூட்டு முள் ஏறத் தொடங்கியது. முறிகண்டியில் எல்லோரும் பிள்ளையாருக்காக நிறுத்துவார்கள், நான் ரேடியேற்றருக்காக நிறுத்தினேன்.

பிழையைக் கண்டுபிடித்தது லைற் இல்லை, பக்கத்து வளவு ஐயா. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலைச் சொட்டு சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறை. வேலியில் நின்றபடியே கேட்டார்: “என்ன தம்பி, மண்ணெண்ணெய்க் கார் மாதிரிச் சத்தம் போடுது? நல்லாப் பிந்தி அடிக்குது.” மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் (தட்டாமல் எரியும் தன்மை) குறைவு, பொறி முந்தி அடித்தால் இஞ்சின் தட்டும். அதனால் அந்தக் காலத்தில் டைமிங்கை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளி வைப்பார்களாம். என் கார் 92 ஒக்ரேன் பெற்றோலில் அந்தக் கோலத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். இந்த இஞ்சினில் பொறி எப்போது விழ வேண்டும் என்பது டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிக்கப் என்ற உணரியிலிருந்து வருகிறது. டிஸ்ரிபியூட்டர், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ற்றின் முனையில் இருக்கிறது, கேமை ஓட்டுவது டைமிங் பெல்ற். கிராங் புல்லிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, அது குறியைச் சுமந்து திரிகிறது, அவ்வளவுதான். அந்தக் குறியோ வெளி வளையத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. ரப்பர் பிடி விட்டால், பெல்ற்களின் இழுவையில் வளையம் குடத்தை விட்டுப் பின்தங்கும். அப்போது சரியான டைமிங்கும் லைற்றில் முந்தியதாகத் தெரியும். பொடியன் குறியைப் பொருத்தினான், பொறி பிந்திவிட்டது.

இதை உறுதிப்படுத்த முதலாம் சிலிண்டர் உண்மையில் எப்போது உச்சியில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். பிளக் துளையில் நீள ஸ்குரூ டிரைவரை விட்டுப் பார்த்தேன். மூன்று முறை பார்த்ததில் மூன்று இடம் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்? இந்த இஞ்சினின் ஸ்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே ஓடும் தூரம், 77 மில்லிமீற்றர். உச்சியிலிருந்து 5 டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் இறங்குவது மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்குதான். கண்ணுக்கு அது பிடிபடாது.

புதுக்குடியிருப்பில் உழவு இயந்திரப் பெட்டிகளுக்கு ஒட்டுவேலை செய்யும் ஒரு பட்டறையில், பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து, நடுவில் முனை உருட்டிய ஆணி ஒன்றை ஒட்டி வாங்கினேன். அதை முதலாம் துளையில் பூட்டிவிட்டு, கிராங்கை மெதுவாகக் கையால் சுற்றினால் பிஸ்டன் ஆணியில் முட்டி நிற்கும். கவரின் 0க்கு நேரே புல்லியில் ஒரு கோடு போட்டேன். எதிர்ப்பக்கம் சுற்றி முட்டியதும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரி நடுவில்தான் உண்மையான உச்சி. இதைச் செய்பவர்கள் பற்றரி வயரைக் கட்டாயம் கழற்றுங்கள், நான்கு பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். முட்டியபின் பலங்கொண்டு தள்ளாதீர்கள், ஓட்டை விழுவது பிஸ்டனில்.

நடுக்கோட்டுக்கும் வெட்டுக்குறிக்கும் இடையில் 20 மில்லிமீற்றர். புல்லியின் சுற்றளவைக் காகிதக் கீற்றால் அளந்தேன், 450. டிகிரிக்கு ஒன்றேகால் மில்லிமீற்றர் என்றால் 16 டிகிரி. ஆக, 10 டிகிரி முந்தி விழ வேண்டிய பொறி, பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பி 6 டிகிரி இறங்கிய பிறகு விழுந்துகொண்டிருந்தது. சூடு ஏறாமல் என்ன செய்யும்! டைமிங் பெல்ற் பல் தாண்டியிருக்குமோ என்ற பயமும் இருந்தது. உச்சியில் வைத்துக் கேம் புல்லியைப் பார்த்தேன், அதன் குறி இடம் மாறவில்லை. புல்லியைக் கிராங்கில் ஒரே நிலையில் நிறுத்தும் சாவிக்கட்டையும் உடையவில்லை.

நடுக்கோட்டைப் புதுக்குறியாக வைத்து ஓடலாம் என்று நினைக்காதீர்கள். வழுக்கிய வளையம் இன்னும் வழுக்கும், ஒருநாள் கழன்று பறக்கும். வேறு புல்லிதான் வேண்டும். ஆனால் பழைய சாமான் கடையில் நல்லதை எப்படி அடையாளம் காண்பது? இஞ்சின் உச்சியில் நிற்கப் புல்லியைக் கழற்றினேன். ஒரு மட்டையில் துளையிட்டுக் கிராங்கின் முனையில் மாட்டி, சாவிக்கட்டை இருக்கும் இடத்தையும் கவரின் 0 இருக்கும் இடத்தையும் குறித்துக்கொண்டேன். மச்சானின் வான் வண்டியில் வவுனியாவுக்குப் போய், வேறொரு கடையில், இருந்த மூன்று புல்லிகள் மீதும் அந்த மட்டையை வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். இரண்டு அச்சாகப் பொருந்தின. மூன்றாவதில் குறி ஒரு விரல் அகலம் தள்ளி நின்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தானே அதைத் தூக்கி உள்ளே வைத்தார். நான் வாங்கியதில் குடத்தையும் வளையத்தையும் சேர்த்து வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். இனி வழுக்கினால் கோடு முறியும்.

பூட்டி, இரண்டு துளைகளையும் இணைத்து, லைற்றைப் பிடித்து, டிஸ்ரிபியூட்டரைத் திரும்பக் கொண்டுவந்தேன். குறி 10இல் வந்து நின்றபோது குனிந்து பார்த்தேன். ஆணியின் தலை அதன் பழைய எண்ணெய் அழுக்கு வட்டத்திலேயே உட்கார்ந்திருந்தது. ஐயா வேலிப் பக்கம் வந்து கொஞ்ச நேரம் காது கொடுத்தார். “ம்… இப்ப பெற்றோல் கார்” என்றுவிட்டுப் போனார்.

முதல் கடைக்காரரிடம் காசு இன்னும் வரவில்லை.