நெபியோலோவோடு பழகுகிறேன்: இதுவரை

பல ஒயின் திராட்சைகளை மேலோட்டமாகச் சுவைத்தது போதும், ஒன்றையாவது உருப்படியாகத் தெரிந்துகொள்வோம் என்று நெபியோலோவை எடுத்தேன். இத்தாலியின் வடமேற்கில் பியமோன்டேதான் இதன் ஊர். ஆல்பா நகரைச் சுற்றியுள்ள லாங்கே குன்றுகளில் விளைகிற இந்த ஒரே திராட்சையில்தான் பரோலோ, பார்பரெஸ்கோ என்ற இரண்டு சிவப்பு ஒயின்களையும் செய்கிறார்கள். வேறெதையும் கலக்க விதி இடம் தராது.

முதலில் குடித்தது லாங்கே நெபியோலோ என்ற ஒயின். விலையும் குறைவு, இளசாகவே குடிக்கலாம். கிளாஸில் பார்த்தால் வெளிறிய சிவப்பு, பின்னால் பிடித்த விரல் தெரிகிறது. வாயில் வைத்ததும் பாக்கு மென்றது போல ஈறெல்லாம் இழுத்துக்கொள்கிறது. இந்தத் திராட்சையில் நிறப்பொருள் குறைவு, டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏராளம். எச்சிலில் உள்ள புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால்தான் அந்தத் துவர்ப்பு. அதனால் இதை நிறத்தை வைத்து எடைபோடவே கூடாது என்பது என் கருத்து.

அப்புறம் சாப்பாட்டோடு. லாங்கே பக்கத்து தயாரின் செய்தேன். முட்டை மஞ்சள்கரு நிறையச் சேர்த்துப் பிசைந்து, மெல்லிசாக நறுக்கும் பாஸ்தா அது. வெண்ணெயும் சீஸும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஒரு வாய் குடித்தால், அதே ஒயின்தானா என்று இருந்தது! துவர்ப்பு அடங்கி, புளிப்பு வெண்ணெயின் கனத்தை அறுத்து, செர்ரி மணம் மேலே வந்தது. அன்றிலிருந்து வெறும் வயிற்றில் இதைச் சுவைப்பதை விட்டுவிட்டேன்.

பார்பரெஸ்கோவையும் பரோலோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் இதுவரை எனக்குக் கிடைத்த பெரிய பாடம். பார்பரெஸ்கோவுக்கு விதிப்படி குறைந்தது 26 மாத முதிர்ச்சி, அதில் 9 மாதம் மரப்பீப்பாயில். பரோலோவுக்கு 38 மாதம், மரத்தில் 18. என் பார்பரெஸ்கோ திறந்த சற்று நேரத்தில் ரோஜா மணம் தந்தது. பரோலோ, அந்த ஒயின் விளையும் ஊர்களில் ஒன்றான செர்ராலுங்கா பக்கத்தது; அங்கே மண் பழையது, ஒயினும் இறுக்கமானது. டிகாண்டரில், அதாவது ஒயினைக் காற்றாட வைக்கும் கண்ணாடிக் குடுவையில், ஊற்றி வைத்து, மாலை முழுக்க கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். கடைசிக் கிளாஸில்தான் எல்லோரும் சொல்லும் அந்தத் தார் வாசனை, உலர்ந்த ரோஜாவோடு சேர்ந்து வந்தது. காத்திருந்தது வீண்போகவில்லை.

குடியானவர்களுக்கும் இதே பொறுமைதான். சீக்கிரம் துளிர்க்கும் கொடி, ஆனால் பெரும்பாலும் அக்டோபரில்தான் அறுவடை. வசந்தத்தில் உறைபனி பயம், இலையுதிர் காலத்தில் மழை பயம். வெயில் நன்றாக விழும் தெற்குச் சரிவுகளை இதற்கே ஒதுக்குகிறார்கள்.

அடுத்து லா மொர்ரா என்ற ஊரின் பரோலோ ஒன்று வாங்க வேண்டும். அங்கே ஒயின் மென்மையாக, மணம் தூக்கலாக இருக்கும் என்கிறார்கள். செர்ராலுங்காவோடு ஒப்பிட ஆசை. பிறகு வடக்கே கத்தினாரா ஊரின் நெபியோலோ ஒயின். ஆல்ப்ஸ் மலைச்சரிவில் கல்லடுக்கிக் கட்டிய படிநிலங்களில் விளையும் வால்தெல்லினா நெபியோலோவும் பட்டியலில் இருக்கிறது.