நிஜ மரத்துல கட்டுன லாரி ஏன் பொம்மை மாதிரி இருந்துச்சு

போன தீபாவளி லீவுல கட்ட ஆரம்பிச்ச நாமக்கல் லாரி மாடல் இன்னும் முடியல. முடிஞ்சப்புறம் மொத்தமா எழுதிக்கலாம்னுதான் இருந்தேன், ஆனா இதுல கத்துக்கிட்ட ஒரு விஷயம் மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு, கிட் (பார்ட்ஸ் பார்ட்ஸா வர்ற மாடல் செட்) கட்டுற பசங்க நெறைய பேர் இதே எடத்துலதான் மாட்டுறாங்க, அதான் இப்பவே எழுதிடறேன்.

பதினோரு வருஷமா 1/24 ஸ்கேல்ல, அதாவது நிஜத்துல 24ல ஒரு பங்கு அளவுல, கட்டுறேன். டமியா கம்பெனி கார் கிட்ல ஆரம்பிச்சு அப்புறம் இத்தாலேரி கம்பெனி லாரிங்களுக்கு வந்தேன், ஸ்கேனியா ஒண்ணு, வோல்வோ ஒண்ணு. அதெல்லாம் டப்பாவத் தொறந்தா பார்ட்ஸ் ஸ்ப்ரூங்கற ப்ளாஸ்டிக் சட்டத்துல வரிசையா ஒட்டி இருக்கும், படம் போட்ட ஷீட் இருக்கும், பொறுமையா போனா வந்துரும். நம்மூரு லாரிக்கு அந்த மாதிரி கிட் நான் தேடுன வரைக்கும் கெடைக்கல. நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் கட்டுற லாரியே ஒரு தனி ஜாதி. முன்னெல்லாம் கம்பெனில இருந்து சேஸிஸும் முன்னாடி கௌலும் (முகப்புத் தகடு) மட்டும்தான் வரும், கேபின், பாடி எல்லாம் பட்டறையில ஆளுங்க மரத்தையும் தகட்டையும் வச்சு கையால கட்டுவாங்க. அப்பா இருபது வருஷத்துக்கு மேல ஓட்டுனது அப்படி ஒரு லேலண்ட். இப்ப கேபினோடயே வர்ற வண்டிதான் ரோட்டுல நெறைய, பழைய மரக் கேபின் கண்ணுல படறதே கம்மியாயிடுச்சு. அதனால அத நானே ப்ளாஸ்டிக் ஷீட் வெட்டி மொதல்ல இருந்து கட்டிடணும்னு உக்காந்தேன்.

சேஸிஸ் வரைக்கும் பிரச்சனை இல்ல. டயர் அளவ கண்ணால பாக்கறதுக்கும் அளந்து பாக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு, பட்டறையில டேப் வச்சு அளந்தேன், 20 இஞ்ச் ரிம் 1/24ல 21 மி.மீ. வரும், பழைய ஸ்கேனியா கிட்டுல மிச்சம் இருந்த வீல்ஸ் அதுக்கு சரியா ஒக்காந்துச்சு. 2.4 மீட்டர் அகலம்னா 100 மி.மீ. கணக்கு ஈஸி.

பாடிலதான் மாட்டுனேன். நிஜத்துல மரம்தானே, நாமளும் மரத்துலயே கட்டுனா அச்சு அசலா இருக்கும்னு நெனச்சு ஐஸ் குச்சிய எழைச்சு, பலகை பலகையா ஒட்டி, ஆறு வாரம் ராத்திரி ராத்திரி உக்காந்து கட்டுனேன். முடிச்சு மேஜை மேல வச்சு ரெண்டடி தள்ளி நின்னு பாத்தா திருவிழாக் கடையில விக்கிற மரப்பொம்மை லாரி. வேலைல பிசிறு இல்ல, மூலை எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா பொம்மை. ஏன்னு ரெண்டு நாள் புரியல.

அப்புறம் போட்டோ எடுத்து பெருசு பண்ணி பாத்தப்பதான் தெரிஞ்சது. ஐஸ் குச்சில இருக்கற மர ரேகை ஒண்ணு அரை மி.மீ. அகலம் இருக்கு. அத 24ஆல பெருக்குங்க, 12 மி.மீ. அப்படின்னா நிஜ லாரியோட பலகையில வெரல் நுழையற அளவுக்கு வெடிப்பு, அதுவும் ஒவ்வொரு பலகையிலயும் பத்து வெடிப்பு. எந்த லாரி அப்படி இருக்கு? மரத்த சின்னதா வெட்டலாம், அதுக்குள்ள இருக்கற ரேகைய சின்னதாக்க முடியாது. மரம் நிஜம்தான், ஆனா அது 1/1 மரம்.

அத ஓரமா எடுத்து வச்சுட்டு மறுபடி ஸ்டைரீன்ங்கற ப்ளாஸ்டிக் ஷீட்டுல ஆரம்பிச்சேன். ஒரு இஞ்ச் பலகைக்கு 1 மி.மீ. ஷீட், ஆறு இஞ்ச் அகலத்துக்கு ஆறு மி.மீ.க்கு கொஞ்சம் மேல. பித்தளை ப்ரஷ்ஷால நீளவாக்குல லேசா இழுத்தா கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் ரேகை விழும், அதுக்கு மேல 800 நம்பர் உப்புத்தாள் ஒரு தடவ. சாம்பலும் காவியும் கலந்த கலர் அடிச்சு, காஞ்சப்புறம் ஆயில் பெயிண்ட்ல பர்ன்ட் அம்பர்ங்கற கரும்ப்ரவுன தின்னர்ல தண்ணி மாதிரி கரைச்சு ஓட விட்டா அந்த ரேகைக்குள்ள மட்டும் எறங்கி நிக்கும். ப்ளாஸ்டிக்தான், ஆனா தொட்டா செராம்பு ஏறும்னு தோணுற அளவுக்கு மரமா தெரியுது.

இந்த ஒண்ணு புரிஞ்சதும் மத்த எல்லாத்தையும் திரும்பி பாத்தேன். எல்லாத்துலயும் இதே தப்பு. தார்ப்பாய்க்கு பழைய கைக்குட்டைத் துணிய வெட்டி வச்சிருந்தேன், துணி கால் மி.மீ. தடிமன்னா நிஜத்துல 6 மி.மீ. தடிமன்ல ஒரு தார்ப்பாய், அது எப்படி மடியும்? இப்ப மூஞ்சி தொடைக்கிற டிஷ்யூவ ஒத்தை ஒத்தையா பிரிச்சு, ஃபெவிகால் தண்ணில நனைச்சு லோடு மேல போர்த்தி, ஈரமா இருக்கறப்பவே ஊசி முனையால மடிப்பு எடுக்கறேன். கயிறுக்கு சாதா நூல் போட்டா நூலோட மயிர் எல்லாம் நட்டுக்கிட்டு கம்பளிப்பூச்சி மாதிரி நிக்கும், அதே ஃபெவிகால் தண்ணில ஒரு தடவ உருவி காய வச்சா அடங்கிரும். அடியில செம்மண் புழுதி காட்ட ஊருல இருந்து மண்ணு எடுத்துட்டு வந்து துணில சலிச்சு தூவுனேன், ஒவ்வொரு பொடியும் கூழாங்கல்லு மாதிரி தெரிஞ்சுது, மேல அது மினுக்கு வேற. சாக் பேஸ்டல் கலர்க் குச்சிய உப்புத்தாள்ல தேய்ச்சு வர்ற மாவுதான் சரி. காருக்கு அடிக்கிற மெட்டாலிக் பெயிண்டும் இப்படித்தான், நிஜ கார் பெயிண்ட்ல இருக்கற அலுமினியத் துகள் 1/24 கார் மேல ஜிகினாவா தெரியும், மாடலுக்குன்னு பொடியா அரைச்சது வேணும்.

நேஷனல் பெர்மிட் (நாடு பூரா லோடு ஏத்திட்டுப் போற அனுமதி) வண்டிக்கு முன்னெல்லாம் கலர் நம்ம இஷ்டம் கெடையாது. 1989 மத்திய மோட்டார் வாகன விதியில இருந்துச்சு, காஞ்ச எல ப்ரவுன், ஓரத்துல 30 செ.மீ. வெள்ளை பார்டர், ரெண்டு பக்கமும் 60 செ.மீ. வட்டத்துக்குள்ள நேஷனல் பெர்மிட்னு எழுத்து. 1/24ல பார்டர் பன்னெண்டரை மி.மீ., வட்டம் 25 மி.மீ. வெள்ளைய மொதல்ல அடிச்சு டேப் ஒட்டி மூடிட்டு அதுக்கு மேல ப்ரவுன் அடிங்க, மாத்தி செஞ்சா வெள்ளை மூடறதுக்குள்ள அஞ்சு கோட்டு ஏறிரும். அஞ்சு கோட்டுன்னா மறுபடி தடிமன், மறுபடி பொம்மை. வீட்டு பிரிண்டர் வெள்ளை எழுத்து அடிக்காது, அதனால வெள்ளை டீகல் பேப்பர் (தண்ணில நனைச்சு ஒட்டுற ஸ்டிக்கர்) வாங்கி சுத்தி இருக்கற ப்ரவுன பிரிண்ட் பண்ணி எழுத்த மட்டும் வெறுமனே விட்டேன். இங்க்ஜெட்டா இருந்தா தண்ணில போடறதுக்கு முன்னாடி க்ளியர் லாக்கர் (நெறமில்லாத வார்னிஷ்) அடிக்க மறக்காதீங்க, மை கரைஞ்சு போயிரும். அந்த லாக்கரையும் கார்த்திகை மழையில அடிக்காதீங்க, காத்துல ஈரம் இருந்தா பனி பூத்த மாதிரி வெளுத்துரும். எனக்கு ஒரு கதவு அப்படி போச்சு.

போன மாசம் பாடிய டப்பால வச்சு திருச்செங்கோட்டுல தெரிஞ்ச பெயிண்டர் அண்ணன் ஒருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். வெளிநாட்டு வீடியோ பாத்து கேபின் அடியில, மட்கார்டுல எல்லாம் நல்லா துரு காட்டியிருந்தேன். கையில வாங்கி திருப்பி திருப்பி பாத்தாரு.

"ஏனுங் தம்பி, இத்தன துரு புடிக்கற வரைக்கும் ஓனரு உடுவாருங்களா? எஃப்சிக்குப் போறப்பெல்லாம் பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சுத்தானுங்க போகும்."

எஃப்சின்னா வண்டி ஓடற நெலமைல இருக்கான்னு பாத்துத் தர்ற சர்டிஃபிகேட். சரியாத்தான் சொல்றாரு. நம்ம லாரி துருவுல பழசாகறதில்ல, பெயிண்டு மேல பெயிண்டு ஏறித்தான் பழசாகும். தேயறது எங்கன்னு அவரே வெரல் வச்சு காட்டுனாரு. கயிறு இழுத்துக் கட்டுற கொக்கிப் பக்கம், டெயில் டோரோட மேல் விளிம்பு, க்ளீனர் கால் வச்சு ஏறுற படி, மூட்டை இழுத்து இழுத்து வழுவழுன்னு ஆன தரைப் பலகை, டீசல் டேங்க் மூடிக்குக் கீழ கருப்பா வழிஞ்சது. அப்புறம் டிரைவர் கதவுல கண்ணாடி எறங்குற விளிம்பு, முழங்கை வச்சு வச்சு அங்க பெயிண்ட் போயிருக்கும்னாரு.

அங்கதான் எனக்கு அப்பா வண்டி ஞாபகம் வந்துச்சு, அந்த எடத்துல பெயிண்ட் போகல, ஏன்னா அவரு எப்பவும் ஒரு பச்சைக் கட்டம் போட்ட துண்ட நாலா மடிச்சு அந்த விளிம்புல போட்டுக்குவாரு. வெயில்ல தகடு சுடும்ல.

வீட்டுக்கு வந்து துருவ எல்லாம் தின்னர்ல தொடைச்சு எடுத்துட்டேன். துண்டு டிஷ்யூல போட்டாச்சு, ரெண்டு இஞ்ச் அகலத்துல வர்ற கட்டம் 1/24ல ரெண்டு மி.மீ., ட்ரிபிள் ஜீரோங்கற ரொம்ப மெல்லிசு ப்ரஷ்ல போட்டேன், மூணாவது தடவதான் கோடு ஒழுங்கா வந்துச்சு. இனி மூட்டைங்க பாக்கி. எபாக்ஸி புட்டிய (பெசஞ்சு வச்சா இறுகிடற மாவு) உருட்டி, காயறதுக்கு முன்னாடி மெல்லிசான துணிய வச்சு அழுத்தி சாக்கு நெய்வு எடுக்கலாம்னு இருக்கேன். நெய்வு எவ்வளவு மெல்லிசா இருந்தா சரியா வரும்னு நாலு வகைத் துணில சாம்பிள் போட்டு காய வச்சிருக்கேன், பழைய பட்டுப் புடவை முந்தானைல அழுத்துனதுதான் இதுவரைக்கும் கிட்ட வருது.